வீட்டுக்குள்ள ஆமி பேக் எதுக்கு?

பழைய பட்டாளத்துப் பை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் உட்பக்கம். வெளிப்பக்கம் வெயிலிலும் மழையிலும் வெளுத்துப் போயிருக்கும். உள்ளே கறுப்பு மையில் செய்த கம்பனியின் சுருக்கப் பெயர், வருடம், சின்னதா ஒரு அம்புக்குறி. அம்புதான் முக்கியம். மூன்று கோடு, கோழி மண்ணைக் கீறிவிட்டுப் போன மாதிரி. பிரித்தானிய அரசாங்கத்தின் சொத்து என்று அர்த்தம். அந்த அம்பு 'சி' எழுத்துக்குள் நின்றால் கனடா. இரண்டு பக்கமும் 'டி' நின்றால் அவுஸ்திரேலியா. 'ஐ' சேர்ந்து வந்தால் இந்தியாவில் தைத்தது. இரண்டு அம்பு முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், இனி எங்களுக்கு வேண்டாம் என்று அரசாங்கம் விற்றுத் தள்ளிய சாமான்.

என்னிடம் உள்ள ஹேவர்செக்கில் அம்பும் 'ஐ'யும் 1942உம் இருக்கு. '37 பெட்டர்ன்' என்று சொல்லுவார்கள். பிரித்தானிய இராணுவம் 1937இல் ஏற்றுக்கொண்ட செட் அது: தடித்த பருத்தி நாடாவில் நெய்த இடுப்புப் பட்டி, தோள்பட்டி, தோட்டா வைக்கிற பை, முதுகில் போடுகிற பை எல்லாம் ஒன்றோடு ஒன்று கொழுவுகிற மாதிரி. ஹேவர்செக் ஏறத்தாழ 11 அங்குலம், 9 அங்குலம், 4 அங்குலம். எங்கட ஸ்கூல் பேக்கை விடச் சின்னது. உள்ளே ஒரு தடுப்பு. ஒரு பக்கம் சாப்பாட்டு டின்னும் தண்ணீர் போத்தலும், மறுபக்கம் துவாயும் விரிப்பும். ஒரு மனிசன் ஒரு நாளைக் கடத்தத் தேவையானதை இவ்வளவுக்குள் அடக்கிவிட்டார்கள்.

இது எனக்குக் கிடைத்தது கடையில் இல்லை. பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டிலிருந்து களப்புப் பக்கம் நடந்தால் வரிசையாக மீன் வாடிகள். அதில் ஒரு வாடியில் ஒரு மூத்தவர் வலைக்குக் கட்டுகிற ஈயத்தை இதில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார். நான் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பதைக் கண்டுவிட்டு, "என்ன தம்பி, இதுவா வேணும்? புது பேக் ஒண்டு கொண்டாந்து தந்திட்டு இத எடு" என்றார். புத்தளத்துக்குப் போய் ஸிப் வைத்த நீலப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவருக்குத் தான் வென்ற சந்தோஷம். எனக்கும் அப்படித்தான்.

அது எப்படி அந்த வாடிக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது, "எங்கட வாப்பா காலத்துச் சாமான்" என்பதோடு சரி. ஆனால் புத்தளத்தில் இப்படி ஒரு பை கிடப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன (அதுவும் ஒரு ஈஸ்டர் ஞாயிறுதான்). நாலு நாள் கழித்துத் திருகோணமலையில். அதுக்குப் பிறகு இந்தத் தீவு முழுக்கப் பட்டாளம். பாலாவியில் இன்று விமானப்படை முகாம் இருக்கிற பக்கம் அப்போது பிரித்தானியரின் விமானத் தளம். பிறகு கடற்படை விமானங்களும் அங்கே நின்றன. கடற்படைக்காரர் தரைத் தளத்துக்கும் கப்பல் மாதிரித்தான் பெயர் வைப்பார்கள். இதற்கு வைத்த பெயர் 'ராஜாளிய', சிங்களத்தில் கழுகு. அங்கே எடுத்த படங்கள் இப்பவும் பார்க்கக் கிடைக்கும். சேற்றில் நிற்கிற போர் விமானத்தை யானை கட்டி இழுக்கிற படங்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் காற்றாடிகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு, அதே வீதியால் ஒரு காலத்தில் காக்கிப் பை மாட்டிய வெள்ளைக்காரப் பொடியன்கள் என்னுடைய வயதில் திரிந்திருப்பார்கள் என்பதே புதுச் செய்தியாக இருந்தது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் புத்தளம் என்றால் உப்பும் இப்னு பதூதாவும்தான்.

சொற்களும் பையைப் போலத்தான், எங்கெங்கோ சுற்றி வந்தவை. காக்கி என்றால் தூசு நிறம், உருதுவிலும் பாரசீகத்திலும் 'காக்' என்றால் மண், தூசு. ஹேவர்செக் என்பது ஜேர்மன்காரர் குதிரைக்கு ஓட்ஸ் போட்டு வைத்த சாக்கு. தடித்த கன்வஸை ஆங்கிலத்தில் 'டக்' என்கிறார்கள். தாராவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, ஒல்லாந்தர் துணியைச் சொல்லுகிற 'டூக்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டின ஒல்லாந்தர்தான். அந்தக் கோட்டைக்குள் இப்போ நேவி இருக்கு. நாங்கள் தமிழில் கித்தான் என்று எழுதுவோம். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கன்வஸ் பேக். பச்சையா இருந்தால் ஆமி பேக். எந்த நாட்டு ஆமி, எந்த யுத்தம் என்ற கேள்வியெல்லாம் கிடையாது.

எங்கள் உம்மாவுக்கும் கிடையாது.

---

இந்தப் பைத்தியம் தொடங்கினது ஒரு பக்கிளில். எங்கள் வீட்டில் ஒரு பச்சைப் பை இருந்தது. வாப்பா இஞ்சின் ஸ்பேனர்களைப் போட்டு போட்டுக்குக் கொண்டு போவார். அவருடைய வாப்பாவிடமிருந்து வந்தது. எண்ணெய், உப்பு, மீன் செதில் எல்லாம் ஊறி ஒரு பக்கம் கறுப்பாகவே போயிருந்தது. அதை ஒரு பை என்றே நாங்கள் யாரும் கணக்கெடுத்ததில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நாட்களை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புத்தளம் மாவட்டத்துக்கு அதில் இன்னும் கொஞ்சம் கூடுதல் பங்கு. வணாத்தவில்லுவில் அந்த ஜனவரியிலேயே வெடிபொருட்கள் பிடிபட்டிருந்தன. எல்லா ஊரிலும் தேடுதல். மே முதல் வார இறுதியில் பொலிஸ் ஒரு அறிவித்தல் விட்டது: வாள், பெரிய கத்தி, பொலிஸ் அல்லது இராணுவ உடுப்புப் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அன்று இரவு எங்கள் வீதியில் தூங்கின வீடு இருந்திருக்காது. தேங்காய் உரிக்கிற அலவாங்கை என்ன செய்கிறது, மாட்டிறைச்சி வெட்டுகிற கத்தி பெரியதா சின்னதா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போ சொன்னால் சிரிப்பு வரும். அப்போ ஒருத்தரும் சிரிக்கவில்லை.

உம்மா வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினார். காக்காவின் கால்சட்டை ஒன்று பச்சை, அது போனது. என்னுடைய தொப்பி போனது. கடைசியில் வாப்பாவின் ஸ்பேனர் பையில் வந்து நின்றார். "இது பேக் புள்ள, உடுப்பில்ல" என்று வாப்பா சொல்லிப் பார்த்தார். "பாத்தா என்ன மாதிரி இரிக்கு எண்டு நீங்களே சொல்லுங்க" என்றார் உம்மா. வாப்பா பதில் சொல்லவில்லை. கொல்லையில், தென்னைக்கு அடியில், மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். எண்ணெய் ஊறின கன்வஸ் லேசில் அணையாது. நடு இரவு தாண்டியும் புகைந்துகொண்டே கிடந்தது. புகையை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று உம்மாவுக்கு அடுத்த பயம்.

காலையில் சாம்பலுக்குள் இரண்டு பித்தளைப் பக்கிள் கிடந்தது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாது, எனக்குப் பதினைந்து வயது. பிறகு கொரோனா லொக்டவுனில் ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் பழப்புளி போட்டுத் தேய்த்தபோது கறுப்பு போய் எழுத்து வந்தது. 'எம்.ஈ.கோ.' போனில் தேடினேன். மில்ஸ் எக்குயிப்மென்ட் கம்பனி. பிரித்தானிய இராணுவத்துக்கு இந்த நாடா வேலையைச் செய்து கொடுத்த லண்டன் கம்பனி. ஆக, நாங்கள் எரித்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பை. ஹிட்லரோடும் ஜப்பானோடும் சண்டை பிடிக்கச் செய்த பையை, எங்கள் வீட்டுக் கொல்லையில், யாரும் பார்க்க முன்னம் எரித்துப் போட்டோம்.

அதுக்குப் பிறகுதான் நான் தேடத் தொடங்கினேன். இழந்ததை மீட்கிறேன் என்றெல்லாம் பெரிய கதை இல்லை. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்திருந்தால் பயமில்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வாசிக்கத் தெரிந்தாலும் எரித்துத்தான் இருப்போம் என்பது இப்போது விளங்குகிறது. வாசலில் வந்து நிற்கிறவருக்கு 'எம்.ஈ.கோ.' என்று பாடம் எடுக்கவா முடியும்?

அந்த மே மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது கேட்டில் பை சோதனை. பெற்றோர்தான் முறை வைத்து நின்று சோதித்தார்கள், கடைகளில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைகள் விற்பனைக்கு வந்தன. எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார்கள். சோற்றுப் பார்சலில் என்ன கறி என்பது வரைக்கும் வகுப்புக்கே தெரியும். கன்வஸ் பையின் அருமை அந்தப் பிளாஸ்டிக் பையைச் சுமந்தவனுக்குத்தான் தெரியும்.

---

இப்போது என்னிடம் இருப்பது நாலு பை. ஈயம் வைத்திருந்த ஹேவர்செக் ஒன்று. அதே செட்டைச் சேர்ந்த பெரிய பை ஒன்று, பட்டி அறுந்தது. இன்னொன்று கொழும்பில் பழைய சாமான் கடையில் வாங்கின கேஸ் மாஸ்க் பை. இது பற்றி ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்துப் பிரித்தானிய முகமூடிகளின் வடிகட்டியில் அஸ்பெஸ்டஸ் வைத்திருக்கிறார்கள். முகமூடியோடு பை கிடைத்தால் அதைப் போட்டுப் பார்த்து செல்பி எடுக்க வேண்டாம். உள்ளே தூசு இருந்தால் உதறவும் வேண்டாம். எனக்கு வெறும் பைதான் கிடைத்தது.

படம் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பையைத் தெரிந்திருக்கும். இண்டியானா ஜோன்ஸ் தோளில் குறுக்கே தொங்குவது அதுதான், பிரித்தானிய கேஸ் மாஸ்க் பை. அந்தத் தொடரின் இரண்டாவது படத்தில் வருகிற தொங்கு பாலத்தைக் கண்டிப் பக்கம், மகாவலிக்கு மேலேதான் கட்டினார்கள். படப்பிடிப்பு தொடங்கியது 1983 ஏப்ரலில். அந்தக் குழு போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஜூலை வந்தது. உலகம் பார்த்த அந்த சாகசப் படத்தையும் எங்கள் நாட்டையே எரித்த அந்த மாதத்தையும் ஒரே வருடத்துக்குள் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

நாலாவது சுவிஸ் பை. கண்டக்குழிப் பக்கம் கைட் சர்ஃபிங் சீசனில் வேலை செய்கிற மச்சான் கொண்டு வந்தது. ஒரு வெள்ளைக்காரர் பட்டி கிழிந்துவிட்டது என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உப்பும் மிளகும் கலந்த மாதிரி புள்ளித் துணி, தோல் பட்டி. தோலில் தைத்தவரின் பெயரும் அவருடைய ஊரும் வருடமும் குத்தியிருக்கு. இராணுவத்துக்குத் தைத்த பையில் ஒரு தையற்காரர் தன்னுடைய பெயரைப் போடுகிறார்! 1815 முதல் நடுநிலையாக இருக்கிற நாடு. அங்கே ஆண்கள் எல்லாருக்கும் இராணுவ சேவை கட்டாயம், அதனால் ஆமி பேக் என்றால் வாப்பாவின் பேக், மாமாவின் பேக். மலையேறப் போட்டுக்கொண்டு போவார்கள். அந்தப் பையை மோந்து பார்த்தால் தோல், மெழுகு, பழைய சீஸ் மாதிரி ஒரு மணம். பயத்தின் மணம் இல்லை. இன்ஸ்டாவில் 'மிலிட்டரி விண்டேஜ்' என்று படம் போடுகிறவர்கள் அனேகமா இந்த மாதிரி நாட்டிலிருந்துதான் வருகிறார்கள். அவர்களுடைய ரசனையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த ரசனையை அப்படியே இங்கே இறக்கி, கொழும்பில் கமோ ஜாக்கெட் டிசைன் என்று சட்டை விற்கிறபோது, அதை யார் போடலாம், யார் போட்டால் ரோட்டில் இறக்கி விசாரிப்பார்கள் என்ற கேள்வி வரத்தான் செய்யும். பெயர் என்ன, ஊர் எது என்பதில் அந்தச் சட்டையின் விலை மாறும்.

கமோ எதையும் நான் சேர்ப்பதில்லை. இந்த நாட்டுப் படையின் சாமான் எதையும் சேர்ப்பதில்லை, சும்மா கொடுத்தாலும். முன்பு இரும்பு வாங்க வருகிற ஒருவர், "வன்னிப் பக்கத்தால வந்த பேக் ஒண்டு இரிக்கு, ரெண்டாயிரம்" என்றார். எந்தப் பக்கத்துப் பை என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. சட்டப் பயம் ஒரு காரணம், ஒளிக்க ஒன்றுமில்லை. அதைவிட, அந்தப் பைக்குச் சொந்தக்காரரின் உம்மாவோ அம்மாவோ எங்கேயோ இன்னும் உயிரோடு இருக்கலாம். அதை ஆணியில் மாட்டி வைத்து வருடம் பார்க்க என்னால் முடியாது.

---

பேராதனையில் கலைப்பீடத்துக்கு வந்து ஹொஸ்டலில் முதல் மாதம், கிளிநொச்சிப் பக்கத்து நண்பன் ஒருவன் என்னுடைய ஹேவர்செக்கைக் கட்டிலில் கண்டான். தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மச்சான், இத எடுத்து உள்ளுக்க வை" என்றான். நான் 1942, இந்தியா, அம்பு என்று விளக்கம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டான். பிறகு ஒரு நாள் ரீ குடிக்கும்போது அவனாகவே சொன்னான், 2009இல் அவனுக்கு ஐந்து வயது, அவனுக்கென்று ஒரு சின்னப் பை கொடுத்திருந்தார்களாம். "அம்மா சொன்னவ, எங்களத் துலைச்சாலும் இத விடாத எண்டு. உள்ளுக்க எண்ட பேர், அப்பாட பேர் எழுதின கடதாசி." அந்தப் பை என்ன நிறம் என்று மட்டும் அவனுக்கு நினைவில்லை. வீட்டில் கேட்கவும் விருப்பமில்லை. அவனுடைய அம்மாவுக்குப் பச்சைப் பை என்றால் ஆமி. ஓமந்தையில் மேசை மேல் எல்லாவற்றையும் கொட்டிக் காட்டின காலமும் அதுக்குள் வரும்.

எங்கள் உம்மாவுக்குப் பச்சை வேறு.

உம்மா எருக்கலம்பிட்டி. மன்னார்த் தீவு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள், கையில் 150 ரூபாய்க்கு மேல் விடவில்லை என்று சொல்லுவார்கள். மன்னாரில் சில நாள் அவகாசம் இருந்தது. உம்மும்மாவின் வாயில் அந்தக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கு: குடும்பத்துக்கு 2,000 ரூபாய், ஒரு பவுன், அஞ்சு பேக்.

அஞ்சு பேக். சின்ன வயதிலிருந்து நான் இதைக் கேட்டு வருகிறேன், எண்ணிப் பார்த்ததில்லை. பை சேர்க்கத் தொடங்கின பிறகுதான் கேட்டேன், "உம்மும்மா, அப்ப வீட்டில அஞ்சு பேக் இருந்திச்சா?"

"எங்க மகன் இருந்த? மூணுதான். அஞ்சு கொண்டு போகலாம் எண்டு சொல்லக்குள்ள மூணோட போவாங்களா யாரும்?"

மிச்சம் இரண்டையும் அவரே தைத்தார். அப்பாவின் வள்ளத்துப் பழைய பாய்ச்சீலை ஒன்று வளையில் சுருட்டிக் கிடந்ததாம். வள்ளத்துக்கு இஞ்சின் வந்த பிறகு பாய்க்கு வேலை இல்லை. இரவோடிரவாக மெசினில் போட்டு இரண்டு பை அடித்தார். தடித்த சீலை, மூன்று ஊசி முறிந்தது. பட்டிக்கு வலைக் கயிறு. ஒன்றில் அரிசியும் சீனியும் தேயிலையும். மற்றதில் பிள்ளைகளின் உடுப்பு, நடுவில் காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் குர்ஆனும். எல்லாம் கட்டி முடிந்த பிறகு மெசின் மட்டும் மேசையில் இருந்தது. அது எந்தப் பைக்குள்ளும் போகாது. "ஒறைய மூடிட்டு வந்தன்" என்றார். தூசு படாமல் இருக்க.

கரையில் மழைக்குள் காத்திருந்து, வள்ளத்தில் ஏறி, கடலால் கற்பிட்டிக்கு வந்தார்கள். ஏறும்போது பைகளைத் திறந்து பார்த்தவர்கள் போட்டிருந்த உடுப்பின் நிறத்தைத்தான் உம்மா இன்னும் பார்க்கிறார், என்னுடைய 1942ஐப் பார்க்கும்போது. அதில் எழுதியிருக்கிற வருடம் அவருக்கு எதற்கு? "வீட்டுக்குள்ள ஆமி பேக் எதுக்கு?" என்று அவர் கேட்கிறதுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ஏற்பாடு மட்டும் செய்திருக்கிறோம்: பைகள் என்னுடைய அறையில், கதவுக்குப் பின்னால், பழைய பெட்சீட் ஒன்றால் மூடி இருக்கும். பெருநாளுக்கு ஆட்கள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போகும். பேராதனையிலிருந்து போன் எடுத்தால், "ஒண்ட பேக்குக்கெல்லாம் பூஞ்சணம் புடிக்குது, வந்து வெயில்ல போடு" என்று அவரே சொல்லுவார். தான் தொடமாட்டார்.

பழைய பை ஒன்று எவ்வளவு பழையது என்பதை முன்பு நான் மைமுத்திரையில் பார்த்தேன். இப்போது வீட்டில் யாராவது அதைப் பார்த்து முகம் மாறுகிறார்களா என்று பார்க்கிறேன். எங்கள் வீட்டில் 1942 இன்னும் பழசாகவில்லை.

உம்மும்மா தைத்த இரண்டு பையில் ஒன்று கூட மிச்சமில்லை, அதைத்தான் முதலில் கேட்டேன். கற்பிட்டியில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் கூரை ஒழுகினபோது ஒன்றைப் பிரித்து மேலே போட்டார்களாம். மற்றது அரிசிப் பையாக இருந்து, பிறகு கால் துடைக்கிற சீலையாகி, போய்விட்டது. நான் முகம் சுருங்கினதைக் கண்டு, "சீலதானே மகன்" என்றார். உலகத்தில் யாரும் ஏலத்தில் போடாத, முத்திரை இல்லாத அந்த இரண்டு பைக்கு இணையாக என்னிடம் ஒன்றும் இல்லை. படம்கூட இல்லை. எத்தனை அங்குலம் என்று கையால் காட்டச் சொன்னேன். காட்டினார். ஹேவர்செக்கை விடப் பெரியது, சுவிஸ் பையை விடச் சின்னது.

---

கடற்கரையில் பை வைத்திருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் அனுபவம். மெசினில் தோய்க்காதீர்கள். பருத்தி கன்வஸ் சுருங்கும், மை முத்திரை போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காற்றாட விடுங்கள், நேர் வெயில் அரை மணித்தியாலம் போதும். பித்தளையில் பச்சைக் களிம்பு உப்புக் காற்றில் வாரத்துக்கு வாரம் வரும். பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புளியே நூலை அரிக்கும். நனைந்தால் பயப்பட வேண்டாம். நூல் ஊறிப் பருத்து இடைவெளியை மூடிக்கொள்ளும். மழையில் கன்வஸ் பை நைலோன் பையை விட மோசமில்லை என்பதுக்கு அதுதான் காரணம். அறுந்த இடத்தைத் தைக்கப் பருத்தி நூல்தான் பாவிக்க வேண்டும். பொலியெஸ்டர் நூல் பழைய துணியைக் கத்தி மாதிரி வெட்டிவிடும். இது எனக்கு யூடியூப் சொல்லித் தந்ததல்ல, பெரிய பையின் பட்டியைத் தைத்துத் தந்த உம்மும்மா சொன்னது. வீட்டில் அந்தப் பைகளைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஒரே ஆள் அவர். பச்சையா, எந்த ஆமி என்றெல்லாம் கேட்பதில்லை. மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார். "இதுக்குள்ள ரெண்டு சாரம், ஒரு துவாய், ஒரு கிலோ அரிசி போகும். மூடி பத்தாது." "தையல் நல்லம், ஆனா அடி இரட்டிக்கல்ல." முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒரு பையைக் கண்டால் அவருடைய கை தானாகக் கணக்குப் போடுகிறது.

போன விடுமுறையில் அவரை எருக்கலம்பிட்டிக்குக் கூட்டிப் போனோம். காணி விஷயமாக ஒரு கையெழுத்து. திரும்பிப் போய்க் குடியேறினவர்கள் இருக்கிறார்கள், இங்கேயே தங்கினவர்களும் இருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடியவே முடியாது. அனுராதபுரம், மதவாச்சி வழியாக பஸ். கிளம்ப முதல் நாள் இரவு, "ஒரு பேக் தா மகன்" என்றார். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாலையும் கொண்டு வந்து வைத்தேன். சுவிஸ் பை பாரம் என்று தள்ளினார். பட்டாளத்துப் பை இரண்டும் உம்மாவுக்காக வேண்டாம் என்றார், மெல்லமாக. கேஸ் மாஸ்க் பையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தார். பட்டி நீளம். நான் இரண்டு முடிச்சுப் போட்டுச் சுருக்கிக் கொடுத்தேன். உறுதியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி உள்ளே வைத்தார். அடையாள அட்டை, பிரஷர் குளிசை, வெத்திலையும் இடிச்ச பாக்கும், கண்ணாடிக் கூடு. பிறகு மூடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி இருந்தார்.

"இன்னும் எடம் இரிக்கே. என்ன வெக்கிற?"